பூனைக்காக அழலாமா?

இம்மாதப் பாடம்: வளர்த்த பூனை திடீரெனச் செத்துப்போனால்



"உயிரைக் கையிலை பிடிச்சுக்கொண்டு வந்தனாங்கள். பெத்த தாயின்ரை செத்தவீட்டுக்கே போக முடியேல்லை. இப்ப ஒரு பூனைக்கு இருந்து அழுறதோ?" இப்படித் தங்களுக்குள்ளேயே கேட்டுக்கொண்டு அழுகையை விழுங்குகிறவர்கள் எங்கள் மத்தியில் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் பாடம். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அழலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

1. ஏன் இவ்வளவு வலிக்கிறது?

ஒரு உதாரணம் எடுப்போம். லண்டனில் தங்கை வீட்டில் தங்கி, அகதி வழக்கின் முடிவுக்காகக் காத்திருக்கும் ஒரு அம்மா. காலையில் எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய்விடுவார்கள். பிறகு அந்த வீட்டில் அவவும் பூனையும்தான். பூனைக்கு இங்கிலிஷ் தேவையில்லை. விசா இருக்கோ எண்டு அது கேட்காது. நேரத்துக்கு வந்து மடியில் படுக்கும். அதற்குச் சாப்பாடு வைக்க வேண்டும் என்பதற்காகவே அவ காலையில் எழும்புவா. ஒருநாள் பின்னேரம் றோட்டில் கார் அடித்துப் பூனை செத்துப்போகிறது. அவ இழந்தது ஒரு மிருகத்தை மட்டுமல்ல. அன்றாட ஒழுங்கையும், பேச்சுத் துணையையும், "நான் ஒருத்தருக்குத் தேவை" என்ற எண்ணத்தையும் சேர்த்தே இழந்துவிட்டா.

மனிதர் இறந்தால் சனம் வீட்டுக்கு வரும். எட்டு, அந்தியேட்டி எல்லாம் நடக்கும். பூனைக்கு அப்படி ஒன்றும் இல்லை. "வேறை ஒண்டு வாங்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். இப்படி மற்றவர்கள் துக்கமென்று ஏற்றுக்கொள்ளாத துக்கத்தைப் பற்றி அமெரிக்கப் பேராசிரியர் கெனத் டோக்கா 1989இல் ஒரு நூல் வெளியிட்டார். துக்கம் இருக்கும், ஆனால் அதைக் காட்ட இடம் இருக்காது. அதனால்தான் அது கூடப் பாரமாகிறது.

எங்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டவர்களும், 2009இல் வன்னியில் இடம்பெயர்ந்தவர்களும் ஆடு, மாடு, நாய், பூனைகளை விட்டுவிட்டுத்தான் வந்தார்கள். அப்போது அழ நேரமிருக்கவில்லை. இன்று ஒரு பூனைக்காக வருகிற கண்ணீரில் அந்தப் பழைய கண்ணீரும் சேர்ந்து வரலாம்.

2. "நான் கவனிச்சிருந்தால்..."

திடீர்ச் சாவில் இந்த எண்ணம் வராதவர்கள் குறைவு. ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளுங்கோ. பூனைகளுக்கு இருதயத் தசை தடிக்கும் நோய் வருவதுண்டு. பல பூனைகளில் அது வெளியே தெரியாது. நேற்று ஓடி விளையாடிய பூனை இன்று விழுந்து சாகலாம். நோய்வாய்ப்பட்டாலும் பூனை அதை மறைக்கப் பார்க்கும். உங்கள் கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்காக உங்களை நீங்களே தண்டிக்காதேங்கோ.

3. உடனே செய்யவேண்டியவை

• உடலை ஒரு துணியில் சுற்றிக் குளிரான இடத்தில் வையுங்கோ.
• உங்கள் சொந்தத் தோட்டத்தில் புதைக்கலாம். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் முதலில் அனுமதி கேட்க வேண்டும். 2 முதல் 3 அடி ஆழம் வேண்டும். பார்க்கில் புதைக்கக்கூடாது.
• மிருக வைத்தியர் மூலம் எரிக்கவும் முடியும். விலையை முதலே கேளுங்கோ. சாம்பலைத் தனியாகத் திரும்பப் பெறுவதற்குக் காசு கூட. கடன்பட்டு அதைச் செய்யத் தேவையில்லை.
• பூனை காணாமல் போயிருந்தால் கவுன்சிலுக்கும் அயலிலுள்ள மிருக வைத்தியர்களுக்கும் ரெலிபோன் எடுங்கோ. நாயைக் கார் அடித்தால் சாரதி பொலிசுக்கு அறிவிக்க வேண்டும் என்று 1988ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பூனை அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே ஒருவரும் உங்களைத் தேடி வந்து சொல்லாமல் விடலாம்.
• இங்கிலாந்தில் 2024 யூன் 10 முதல், 20 வாரத்துக்கு மேற்பட்ட வளர்ப்புப் பூனைகளுக்கு மைக்ரோசிப் கட்டாயம். பூனை செத்தால், சிப் பதிந்த நிறுவனத்துக்கும் அறிவியுங்கோ.

4. பிள்ளைகளுக்கு என்ன சொல்வது?

"பூனை நித்திரை கொள்ளுது", "எங்கையோ போட்டுது" என்று சொல்லாதேங்கோ. சின்னப்பிள்ளை நித்திரைக்குப் பயப்படும், அல்லது வாசலில் காத்துக்கொண்டிருக்கும். தகப்பனோ மாமாவோ காணாமல் போன வீடுகளில் "போட்டுது" என்ற சொல் இன்னும் கனமானது. "பூனை செத்துப்போச்சு. அதின்ரை உடம்பு இனி வேலை செய்யாது. அதுக்கு இப்ப நோகாது. இது உன்ரை பிழையில்லை" என்று நேராகச் சொல்லுங்கோ. பிள்ளை திரும்பத் திரும்பக் கேட்டால், அதே பதிலைப் பொறுமையாகச் சொல்லுங்கோ. வகுப்பு ரீச்சருக்கும் ஒரு வார்த்தை அறிவியுங்கோ.

5. வழக்கையும் உடம்பையும் கவனியுங்கள்

எவ்வளவு கவலை இருந்தாலும் ஹோம் ஒபிஸ் நேர்முகத்துக்குப் போகாமல் விடவேண்டாம். காரணம் சொல்லாமல் விட்டால், நீங்கள் வழக்கைக் கைவிட்டதாக எடுத்துக்கொள்ள இடமுண்டு. போக முடியாத நிலை என்றால், அந்தத் திகதிக்கு முன்னரே உங்கள் சொலிசிற்றருக்குச் சொல்லுங்கோ.

நித்திரை வராமல், சாப்பிட முடியாமல், பழைய குண்டுச்சத்தமும் சிறையும் கனவில் வரத் தொடங்கினால் ஜீ.பீ.யிடம் போங்கோ. விலாசத்துக்கு அத்தாட்சியோ விசாவோ இல்லாவிட்டாலும் பதியலாம், பார்ப்பதற்குக் காசில்லை. தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். "பூனை செத்தது" என்பதோடு நிறுத்தாமல், அதற்குப் பிறகு திரும்பி வந்தவற்றையும் சொல்லுங்கோ. சொலிசிற்றருக்கும் அது தெரிய வேண்டும்.

உயிரை விடும் எண்ணம் வந்தால் காத்திருக்காதேங்கோ. சமரிற்றன்ஸ் 116 123 (இலவசம்). இங்கிலாந்தில் 111 எடுத்து 2ஐ அழுத்தலாம். உடனடி ஆபத்தென்றால் 999. வளர்ப்பு மிருகத்தை இழந்தவர்களோடு கதைப்பதற்கென்றே புளூ குறொஸ், கற்ஸ் புறொடெக்ஷன் ஆகிய அமைப்புகளிலும் இலவச உதவி உண்டு. இங்கிலிஷில் கதைப்பவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கோ.

பயிற்சி

அ) வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்:
"மை கற் டைட் சடின்லி." (என்னுடைய பூனை திடீரெனச் செத்துவிட்டது.)
"ஐ கான்ற் ஸ்லீப்." (எனக்கு நித்திரை வருவதில்லை.)
"ஐ நீட் எ ரமில் இன்ரர்பிறிற்றர், பிளீஸ்." (தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் தேவை.)

ஆ) ஒரு கொப்பியில் பூனையின் பெயரை எழுதி, அது செய்த மூன்று குறும்புகளை எழுதுங்கள். பிள்ளைகள் படம் கீறட்டும்.

இ) பூனைக்குச் சாப்பாடு வைத்த அதே நேரத்தில், இனி நாள்தோறும் செய்ய ஒரு வேலையைத் தெரிவு செய்யுங்கள்: கொஞ்சத் தூரம் நடப்பது, ஊருக்கு ரெலிபோன் எடுப்பது, இங்கிலிஷ் வகுப்புக்குப் போவது.

இன்னொரு பூனை வளர்ப்பதைப் பற்றி இப்போதே முடிவெடுக்க வேண்டாம். நாளைக்கு உங்களை வேறு ஊருக்கு மாற்றக்கூடும். அகதிகளுக்கான விடுதிகளில் பொதுவாக மிருகங்களை வைத்திருக்க விடமாட்டார்கள். நிலையான ஒரு வீடு கிடைக்கட்டும். அதுவரை, செத்துப்போன பூனையைப் பற்றிக் கதைக்க ஆளில்லை என்றால் எங்கள் அலுவலகத்துக்கு வாருங்கோ. வழக்குக் கடிதம் கொண்டுவந்தால்தான் கதைக்கலாம் என்று இல்லை.