பெரிய துளைக்கு ஓரப்பல்தான் உயிர்

மரத்தில் 10 மில்லிமீட்டர் துளை எந்தப் பிட்டாலும் விழும். 35, 40, 54 என்று போகும்போதுதான் பிட்டின் தரமும் அதைச் சாணை பிடித்தவரின் கையும் வெளியே தெரியும். புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் எங்கள் பட்டறைக்கு வருவது பெரும்பாலும் டவுனில் பழைய வீடு இடித்த தேக்கு. உத்திரமாகவும் நிலையாகவும் தலைமுறைகளாக நின்று இறுகிய மரம். தேக்கில் இயற்கையாகவே சிலிகா உண்டு, அதாவது மணலில் இருக்கும் அதே சரக்கு. எவ்வளவு நல்ல பிட்டின் வாயையும் அது சீக்கிரம் மழுக்கிவிடும். போதாததற்கு, உள்ளே தலை உடைந்த ஆணிகள். துளை போடும் இடத்தில் முதலில் காந்தத்தை ஓட்டிப் பார்க்காமல் நான் பிட்டை வைப்பதில்லை.

பெரிய பிட்டுக்கு இரண்டு வேலை. ஓரத்தில் இருக்கும் பல் நாரை வட்டமாக அறுக்க வேண்டும். அதன் பின்னால் வரும் வாய், அறுபட்டதைச் சீவி வெளியே தள்ள வேண்டும். வரிசை மாறினால் வாய் நாரைப் பிய்த்து எடுக்கும், துளையைச் சுற்றிச் சிலாம்பு கிளம்பும். கடையில் பிட் வாங்கும்போது நான் பார்ப்பது இதைத்தான்: ஓரப்பல் வாயைவிடச் சற்று உயர்ந்து நிற்கிறதா, இரண்டு வாயும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா. பளபளப்பைப் பார்த்து ஏமாறக் கூடாது.

வயர், பைப் போகும் மறைவான துளைக்குத் தட்டைப் பிட் போதும். கட்டில் கால், தூண் போன்ற ஆழமான துளைக்கு ஆகர்தான். அதன் நுனித் திருகு தானாகவே மரத்துக்குள் இழுத்துக்கொண்டு போகும், நாம் அழுத்த வேண்டியதில்லை. ஆனால் கடினமான மரத்தில் சட்டென்று சிக்கினால் மெஷின் மணிக்கட்டை முறுக்கிவிடும். பக்கக் கைப்பிடி மாட்டாமல் பையன்களை நான் ஆகர் தொட விடுவதில்லை. கதவு நாப் பூட்டுக்கு வேண்டிய 54 மில்லி துளைக்கு ஹோல் சா. அலமாரி கீலுக்கான 35 மில்லி குழிக்கு ஃபார்ஸ்ட்னர். துப்பாக்கி செய்பவரான பெஞ்சமின் ஃபார்ஸ்ட்னர் 1874இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிய பிட் அது. நடு முள்ளை நம்பாமல் வெளி வளையத்தின் பிடியிலேயே ஓடுவதால், பலகை ஓரத்தில் பாதி வட்டம்கூட அதில் சுத்தமாக வரும்.

வேகத்தில்தான் பலர் பிட்டைக் கெடுக்கிறார்கள். ஒரே சுற்றில் 10 மில்லி பிட்டின் ஓரம் ஓடுவதைப் போல ஐந்து மடங்கு தூரம் 50 மில்லி பிட்டின் ஓரம் ஓடுகிறது. 1000 சுற்றில் வைத்தால் நிமிடத்துக்கு 157 மீட்டர். புகை வரும், வளையம் நீலம் பாயும். சாதாரண கார்பன் எஃகு நீலம் பாய்ந்துவிட்டால் அந்த இடம் பதம் இறங்கியது என்று அர்த்தம். எத்தனை முறை தீட்டினாலும் கூர் நிற்காது. 50 மில்லிக்கு 400, 500 சுற்று போதும். அடிக்கடி மேலே தூக்கிச் சுருளைக் கொட்ட வேண்டும்.

இனி சாணை. ஆகரின் ஓரப்பல்லை உள்பக்கம் மட்டுமே அரத்தால் தேய்க்க வேண்டும். வெளிப்பக்கம் ஒரு இழுப்பு இழுத்தாலும் அறுக்கும் வட்டம் சுருங்கிப் போகும். பின்னால் வரும் உடம்பு துளைக்குள் இறுகிச் சூடாகும். வாயைத் தண்டு பக்கம் பார்த்த முகத்தில், இருக்கும் சாய்வை மாற்றாமல் தேய்க்க வேண்டும். இரண்டு வாய்க்கும் ஒரே எண்ணிக்கையில் இழுப்பு. சின்ன முக்கோண அரம் இதற்குப் போதும். சாணைக்கல் மெஷினுக்கு ஓடுவது வேண்டாத வேலை.

தட்டைப் பிட்டுக்கும் அதே விதி: அடி விளிம்புகளை மட்டும் தீட்டு, பக்கங்களைத் தொடாதே. ஃபார்ஸ்ட்னரில் வளையத்தின் உள்பக்கத்தைச் சின்ன உருளைக் கல்லாலும், சீவும் வாயைத் தட்டையான வைரத் தகட்டாலும் தீட்டுவேன். ஹைஸ்பீடு எஃகில் சாதாரண அரம் வழுக்கும், அதனால்தான் வைரம்.

“அண்ணே, கூர் ஏறிடுச்சான்னு எப்படிப் பாக்குறது?” என்று பையன்கள் கேட்பார்கள். வெளிச்சத்தில் வாயைத் திருப்பிப் பார்க்கச் சொல்வேன். மொக்கையான விளிம்பில் மெல்லிய வெள்ளைக் கோடு மின்னும். கூர் ஏறியதும் அது மறையும். அடுத்து ஒரு துண்டு மரத்தில் ஓட்டச் சொல்வேன். தூளாகக் கொட்டினால் மறுபடி தீட்டணும், சுருளாக வந்தால் வேலைக்குப் போகலாம்.

துளை மறுபக்கம் வெளியேறும் இடத்தில்தான் பலகை பிளக்கும். நடு முள் அடியில் எட்டிப் பார்த்ததும் நிறுத்தி, பலகையைத் திருப்பி, அந்தப் புள்ளியிலிருந்து மீதியைப் போட வேண்டும். இல்லையென்றால் அடியில் ஒரு கழிவுப் பலகையை இறுக்கிக் கட்டலாம்.

நம் ஊர் உப்புக்காற்று தீட்டிய வாயைச் சீக்கிரம் துரு ஏற்றும். வேலை முடிந்ததும் எண்ணெய்த் துணியால் துடைத்து, ஒன்றோடொன்று உரசாமல் தனித்தனிக் குழியில் நிறுத்தி வைக்க வேண்டும். தீட்டித் தீட்டி ஓரப்பல் வாயின் மட்டத்துக்கே இறங்கிவிட்ட ஆகரை நான் தேக்குப் பக்கம் கொண்டுபோவதில்லை. பேக்கிங் பெட்டி அடிக்கும் பலகைக்கு அது இன்னும் கொஞ்ச காலம் உழைக்கும்.