விலையுயர்ந்த இலக்க மாற்றியும் வீட்டில் கேட்கும் இசையும்

வீட்டில் ஒலிக்கும் இசை தெளிவின்றித் தோன்றும்போது, இலக்கமுறைக் கருவிகளுள் ஒன்றை அதனிலும் விலை கூடிய மற்றொன்றால் மாற்றினால் குறை தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கை இசை ஆர்வலரிடையே ஆழமாக வேரூன்றியுள்ளது. இந்த நம்பிக்கை பெரும்பாலும் இலக்க மாற்றியையே குறிவைக்கிறது; இசைக்கோப்பில் எண்களாகப் பதிந்திருக்கும் ஒலியை, பெருக்கியின் வழியே ஒலிபெருக்கியை இயக்கவல்ல மின் அலையாக மாற்றித் தரும் இக்கருவி ஒவ்வொரு கைபேசியிலும் சிறு சில்லாக உள்ளது; தனிப்பெட்டியாகப் பல இலட்சம் ரூபாய்க்கும் விற்கப்படுகிறது. புத்தளம் கரையோரத்துப் பள்ளிவாசல்துறையில், சீமெந்துத் தரையும் சாந்து பூசிய சுவரும் கொண்டு உப்புக்காற்றை எதிர்கொண்டு நிற்கும் ஒரு வீட்டை மனத்திற்கொண்டு இதனை ஆராய்ந்தால், பணம் எங்கே பயன்படும், எங்கே வீணாகும் என்பது தெளிவாகும்.

இந்நம்பிக்கைக்கு வரலாற்று அடிப்படை இல்லாமல் இல்லை. 1982இல் சிடி விற்பனைக்கு வந்தபோது அதன் தரம் 16 பிட், அதாவது ஒலியின் ஒவ்வொரு கணத்து அளவும் 65,536 படிகளுள் ஒன்றாகக் குறிக்கப்படுவது, என வரையறுக்கப்பட்டிருந்தும், பிலிப்ஸ் நிறுவனத்தின் முதற் கருவிகள் 14 பிட் மாற்றிகளையே கொண்டிருந்தன. அக்காலத்தில் ஒரு கருவிக்கும் இன்னொன்றுக்கும் இடையே உண்மையான வேறுபாடுகள் இருந்தன. இன்றோ பத்து டொலருக்கும் குறைவான கைபேசி இணைப்பியொன்றே சிடியின் எல்லையான 96 டெசிபெல் அளவை எட்டிவிடுகிறது. ஒரு பதிவின் மிக உரத்த ஒலிக்கும் அதன் அடியில் ஓடும் இரைச்சலுக்கும் இடையிலான இந்த இடைவெளியை, மின்விசிறி சுழலும் அறையில், அதுவும் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கடற்கரை வீடொன்றில், முழுமையாக அனுபவிக்க எவராலும் இயலாது.

இலக்கமுறை ஒலி படிக்கட்டு வடிவில் உடைந்தது, கூடுதல் மாதிரிகளால் அது வழவழப்பாகும் என்ற கருத்தும் தவறானது. ஓர் அலையில் அடங்கிய அதியுயர் மீடிறனின் இருமடங்கைவிட அதிக வேகத்தில் மாதிரிகள் எடுக்கப்பட்டால் அந்த அலையை முழுமையாக மீட்டெடுக்கலாம் என்பதைக் கிளாட் ஷனன் 1949இல் வெளியான கட்டுரையில் நிறுவினார். மனிதச் செவியின் மேல் எல்லை ஏறத்தாழ 20,000 ஹேர்ட்ஸ் என்பதால், சிடியின் விநாடிக்கு 44,100 மாதிரிகள் அதற்குப் போதுமானவை. மாற்றியிலுள்ள வடிகட்டி படிகளை நீக்கித் தொடர்ச்சியான அலையையே வெளியிடுகிறது.

கணிதத்தை நம்பாதவர்களுக்குச் செவிப் பரிசோதனைகள் உள்ளன. மேயர், மொரான் ஆகிய இருவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், உயர்தரப் பதிவு நேரடியாகவும், சிடி தரத்துக்குக் குறைக்கப்பட்டும் ஒலிக்கப்பட்டது. எது எதுவென்று அறியாமல் கேட்டவர்கள் 554 முயற்சிகளில் 49.8 வீதமே சரியாகச் சொன்னார்கள், அதாவது நாணயம் சுண்டியதற்கு நிகரான பெறுபேறு. இலண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோஷுவா ரைஸ் 2016இல் 18 ஆய்வுகளைத் தொகுத்தபோது இந்த விகிதம் 52.3 வீதமாகவும், பயிற்சி பெற்ற செவிகளிடம் சுமார் 62 வீதமாகவும் இருந்தது. ஆகவே வேறுபாடு அறவே இல்லை என்று அடித்துக் கூற முடியாது. ஆனால் தேர்ந்த செவிகளும் தடுமாறித்தான் பிடிக்கும் அவ்வளவு நுண்ணிய ஒன்றுக்காக வீட்டுச் சேமிப்பைச் செலவிடுவது அறிவுடைமை ஆகாது. இதற்கு இன்னொரு சான்றும் உண்டு: முழுக்க ஒப்புமை முறையில், அதாவது ஒலியை எண்களாக்காமல், தயாரானவை என்று இரசிகர்கள் கொண்டாடிய மொபைல் பிடெலிட்டி நிறுவனத்தின் இசைத்தட்டுகள் பலவற்றில் இலக்கமுறைப் படியொன்று பல ஆண்டுகளாக இருந்தமை 2022இல் வெளிவந்தது. அதுவரை பெரும்பாலான இரசிகர்கள் அதைச் செவியால் கண்டுகொள்ளவில்லை.

அப்படியாயின் புதிய கருவி வாங்கியவருக்கு மாற்றம் கேட்பது பொய்யா? பொய்யன்று. ஒரு கருவி மற்றதைவிடச் சிறிதளவே உரத்து ஒலித்தாலும் செவி அதனை உரப்பாக அன்றி, தெளிவாகவும் ஆழமாகவும் உணர்கிறது. ஒலியளவைச் சமப்படுத்தாத எந்த ஒப்பீடும் இதனால் பயனற்றதாகிறது.

உண்மையான பெருங்குறை அறையில் இருக்கிறது. 1895இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பேச்சு விளங்காத விரிவுரை மண்டபமொன்றைச் சீர்செய்யப் பணிக்கப்பட்ட வொலஸ் சபைன், அருகிலுள்ள அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்து வந்து அடுக்கி, ஒலி அடங்கும் நேரம் எவ்வாறு குறைகிறதென்று அளந்தார். அந்தப் பொறுமையான உழைப்பிலிருந்தே, அறையின் கனவளவையும் அதிலுள்ள பொருட்கள் ஒலியை உறிஞ்சும் திறனையும் கொண்டு எதிரொலிப்பு நேரத்தைக் கணிக்கும் சூத்திரம் பிறந்தது. அச்சூத்திரத்தின்படி 10 அடி அகலமும் 12 அடி நீளமும் 10 அடி உயரமும் கொண்ட, சீமெந்தும் கொங்கிறீட்டும் மட்டுமேயான வெற்றறையில் ஒலி அடங்க மூன்று விநாடிக்கு மேல் எடுக்கும். அங்கே ஒரு மெத்தையையும் தடித்த திரைச்சீலையையும் வைத்தால் அது அண்ணளவாக ஒன்றேகால் விநாடிக்கு இறங்குகிறது. புத்தக அலுமாரியும் பாய்களும் அமர்ந்திருக்கும் மனிதர்களும் மேலும் குறைப்பார்கள். பாடகரின் சொற்கள் ஒன்றன்மேலொன்று விழுந்து குழம்புவது இந்த நேரத்தினாலேயே. எந்த மாற்றியாலும் இதனைத் தொடவே முடியாது. அதே அறையின் 12 அடி நீளம் 47 ஹேர்ட்ஸ் அளவில் நின்ற அலையை உண்டாக்குவதால், அந்த மீடிறன் சுவரோரத்தில் வீங்கியும் அறையின் நடுவில் மறைந்தும் கேட்கும்; பத்து டெசிபெலைத் தாண்டக்கூடிய இந்த ஏற்றத்தாழ்வை நாற்காலியை இரண்டு அடி நகர்த்தியே பெருமளவு மாற்றலாம்.

பதிவின் எல்லையும் மறக்கத்தக்கதன்று. நாகூர் ஹனிபாவின் பழைய இஸ்லாமியப் பாடல்களை இன்று எத்தனை பிட்டில் மறுபடி வெளியிட்டாலும், மூல இசைத்தட்டில் பதியாத எதுவும் புதிதாகத் தோன்றாது. அக்குரலின் கம்பீரத்தைத் தாங்க நல்ல ஒலிபெருக்கியே தேவை, ஏனெனில் ஒலிச்சங்கிலி முழுவதிலும் மிக அதிகமான திரிபைச் சேர்ப்பது அதுவே.

கம்பிகளின் நிலை சற்று வேறானது. யூஎஸ்பி கம்பியில் பழுது நேர்ந்தால் ஒலி விட்டுவிட்டு வரும், வெடிக்கும். மென்மையோ இனிமையோ குன்றாது. நுரைச்சோலை அனல்மின் நிலையத்திலிருந்து தேசிய வலையமைப்பினூடாகப் பல கிலோமீற்றர் கடந்து வரும் மின்சாரத்தை, சுவருக்கும் கருவிக்கும் இடையிலுள்ள கடைசி ஒரு மீற்றர் ஆடம்பரக் கம்பி தூய்மைப்படுத்துவதில்லை. ஆனால் பள்ளிவாசல்துறையின் உப்புக்காற்றில் செம்பும் நிக்கலும் அரிக்கப்படுவதும், தொடுகை தளர்ந்து கரகரப்பு எழுவதும், ஒலிபெருக்கிக் கூம்பின் நுரைவிளிம்பு காலப்போக்கில் சிதைவதும் மெய்யான சேதங்கள். பொன் பூசிய முனைகள் அரிப்பைத் தாங்கும் என்பதால் அவற்றுக்குச் சிறிது கூடுதலாகக் கொடுப்பதில் நியாயமுண்டு. சில மாதங்களுக்கொருமுறை இணைப்புகளைக் கழற்றித் துப்புரவாக்குவதும், சிதைந்த நுரைவிளிம்பை மட்டும் மாற்றுவிப்பதும் புதிய இலக்க மாற்றியின் விலையில் மிகச் சிறு பங்கிலேயே முடிந்துவிடும்.