இரத்தக் கொதிப்பும் நீர் மாத்திரையும்

இரத்தக் கொதிப்பு நகரத்துச் செல்வர்க்கே உரிய நோய் என்று நெடுங்காலம் கருதப்பட்டு வந்தது. அக்கருத்து பொய்த்துப் போயிற்று. சேலம், நாமக்கல் சமவெளியில் மரவள்ளிக் காட்டிலும், கோழிப் பண்ணையிலும், லாரிக் கூண்டு கட்டும் பட்டறையிலும் உழைப்போரிடையே இந்நோய் பரவலாகக் காணப்படுகிறது. பழைய சேலம் ஜில்லாவில் அடங்கியிருந்த கிருஷ்ணகிரிப் பகுதியில், சாமனப்பள்ளி என்னும் ஊரில், 2021 ஆகஸ்டு 5ஆம் தேதி ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கப்பெற்றது. அதன் வாயிலாக இந்நோய்க்கான மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வந்தன. ஆனால் மாத்திரை வந்த வேகத்தில் அதனைப் பற்றிய விளக்கம் வந்ததாகச் சொல்ல இயலாது. மக்கள் எளிதில் பழி கூறி, தாமாகவே நிறுத்திவிடும் மாத்திரை ஒன்று உண்டு. அதுவே ‘நீர் மாத்திரை’ எனப்படும் சிறுநீர்ப்பெருக்கி.

இம்மாத்திரை உடலுக்குள் செய்யும் வேலை யாது? நம் சிறுநீரகங்கள் ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. அவ்வளவும் வெளியேறிவிட்டால் உயிர் தரிக்காது. ஆகவே வடிந்த நீரிலும் உப்பிலும் மிகப் பெரும்பகுதியை நுண்குழல்கள் மீண்டும் இரத்தத்துக்கே திருப்பிவிடுகின்றன. எஞ்சிய ஒன்றரை லிட்டர் அளவே சிறுநீராகிறது. நீர் மாத்திரை, அக்குழல்கள் உப்பைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் வழிகளுள் ஒன்றை அடைக்கிறது. உவர் நிலத்தில் நல்ல நீரைத் தேக்கி வடித்தால் நீர் உப்பை இழுத்துச் செல்லும் என்பதை விவசாயிகள் அறிவர். சிறுநீரகத்திலோ உப்பு நீரை இழுத்துச் செல்கிறது. இரத்தக் குழாய்களில் ஓடும் நீர் சற்றுக் குறைவதால் அழுத்தமும் தணிகிறது.

இங்கே ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். சில வாரங்கள் சென்றபின் சிறுநீரின் அளவு ஏறக்குறையப் பழைய நிலைக்கே வந்துவிடும். “இப்பொழுது முன்போல் நீர் பிரியவில்லை, மாத்திரை வேலை செய்யவில்லை போலும்” என்று எண்ணிப் பலர் அதனை விட்டுவிடுகின்றனர். இது தவறான முடிவு. நாளடைவில் இரத்தக் குழாய்களே சற்றுத் தளர்ந்து கொடுப்பதால் அழுத்தம் தணிந்தே இருக்கும். மருந்தின் பயனை அழுத்தமானி கொண்டு அளக்க வேண்டுமேயன்றிச் சிறுநீரைக் கொண்டு அளத்தல் கூடாது.

இரத்தக் கொதிப்புக்கு வழங்கப்படுபவை பெரும்பாலும் ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன், இண்டபமைடு என்பவை. வேறு மருந்துடன் சேர்ந்து ஒரே மாத்திரையாக வருவதும் உண்டு. பெயரின் பின்னே ‘எச்’ என்னும் எழுத்து இருப்பின், அதில் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரோதயசைடு கலந்திருக்கும். கால் வீக்கத்துக்கும் இருதயத் தளர்ச்சிக்கும் கொடுக்கப்படும் ஃபுரோசமைடு என்பது வேறு. அது விரைந்தும் வலுவாகவும் நீரைப் பிரிக்கும். ஒருவருடைய மாத்திரையை மற்றொருவர் கேட்டு வாங்கி உண்பது எந்த மருந்திலும் தகாது. இதில் மிகவும் தகாது.

பயனைப் பற்றி ஐயப்பட இடமில்லை. இவ்வகை மருந்துகளுள் முதலாவதான குளோரோதயசைடு 1958இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அதற்கு முன் கடும் உப்பில்லாப் பத்தியமும், நம் நாட்டுச் சர்ப்பகந்தி வேரும், பல தொல்லைகள் தரும் சில மருந்துகளுமே கையிருப்பு. 1991இல் முடிவு வெளியான ஓர் ஆராய்ச்சியில், 60 வயதுக்கு மேற்பட்ட 4,736 பேர் இரு பிரிவாக்கப்பட்டனர். குளோர்தாலிடோனில் தொடங்கிச் சிகிச்சை பெற்ற பிரிவினரிடையே பக்கவாதம் 36 சதவிகிதம் குறைவாக நேர்ந்தது. 2002இல், முப்பத்து மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டு இதே மாத்திரையைப் புதிய, விலை உயர்ந்த இரு மருந்துகளோடு ஒப்பிட்டனர். பழைய மாத்திரை எதற்கும் தாழ்ந்துவிடவில்லை. இருதயத் தளர்ச்சியைத் தடுப்பதில் மேம்பட்டும் நின்றது. 80 வயது கடந்தோருக்கும் இண்டபமைடினால் நன்மை உண்டென்பது 2008இல் தெளிவாயிற்று. பக்கவாதத்தில் ஒரு கை விழுந்தால் ஒரு குடும்பத்தின் ஏரும் நின்றுவிடும் என்பதை எண்ணிப் பார்த்தால், சில காசுகளே பெறும் இம்மாத்திரையின் மதிப்பு விளங்கும்.

ஆயின் தீங்கே இல்லையா? உண்டு. அவற்றுட் பல அளவைப் பொறுத்தவை. தொடக்க காலத்தில் ஹைட்ரோகுளோரோதயசைடை 50, 100 மில்லிகிராம் என்று தாராளமாகக் கொடுத்தனர். அதனால் வந்த கெட்ட பெயர் இன்றும் தொடர்கிறது. இப்பொழுது 12.5 முதல் 25 மில்லிகிராம் வரை கொடுப்பதே வழக்கம்.

வெயிலும் மாத்திரையும்

நம் பகுதிக்கு முதன்மையான ஆபத்து கோடையில் வருவது. சித்திரை, வைகாசியில் வெப்பம் 40 டிகிரி செல்சியசைத் தாண்டும் நாள்கள் உண்டு. சேகோ ஆலையின் காயவைக்கும் களத்திலோ, ஏரி வேலையிலோ, செங்கல் சூளையிலோ நிற்பவருக்கு வியர்வையில் நீரும் உப்பும் போகின்றன. மாத்திரையினாலும் அவையே போகின்றன. இரண்டும் கூடும்போது, குனிந்து நிமிர்கையில் கண் இருண்டு தலை சுற்றும். சிலர் விழுந்தும் விடுவர். தாகத்துக்கு வெறும் தண்ணீரை மட்டும் செம்பு செம்பாகக் குடித்தால் இரத்தத்திலுள்ள சோடியம் மேலும் நீர்த்துப் போகும். மெலிந்த உடலுடைய வயோதிகப் பெண்களுக்கு, மாத்திரை தொடங்கிய முதற்சில வாரங்களில், இது மிகுதியாக நேரக்கூடும். குமட்டல், சோர்வு, தள்ளாட்டம், பிறகு பேச்சிலே குழப்பம் என்று இது வளரும். ‘வயதாகிவிட்டது, அதனால் உளறுகிறார்’ என்று வீட்டார் இருந்துவிடுவது பெரும் பிழை. அன்றைக்கே இரத்தத்தில் சோடியம் பார்க்க வேண்டிய நிலைமை அது.

இதற்காக உப்பை அள்ளிப் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை. ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பு போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. ஊறுகாயையும் கருவாட்டையும் குறைத்தாலே மாத்திரை நன்கு பயன்படும். கடும் வெயிலில் உழைக்கும் நாளில் சிறிதளவு உப்பிட்ட நீர்மோரும் கம்மங்கூழும் அளவாகப் பருகி, நிழலில் இடையிடையே தங்குவது தக்கது. இருதயத் தளர்ச்சியோ சிறுநீரகக் கோளாறோ உடையவர்கள் எவ்வளவு நீர் பருகலாம் என்பதை மருத்துவரிடமே கேட்டறிக. வாந்தியோ பேதியோ கண்டால், அந்நாள்களில் நீர் மாத்திரையை நிறுத்திவைக்க வேண்டுமா என்பதை அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்க வேண்டும். கேளாமல் தொடர்வதும் கேடு. குணமானபின் மீண்டும் தொடங்காமல் இருப்பதும் கேடு.

தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து என்று பயிருக்கு மூன்று சொல்கிறோம். அச்சாம்பல்சத்தாகிய பொட்டாசியமே நம் தசைக்கும் இருதயத்துக்கும் வேண்டிய பொருள். நீர் மாத்திரையினால் இது சிறிது வெளியேறும். கெண்டைக்கால் தசைப்பிடிப்பு, கைகால் அசதி, நெஞ்சுப் படபடப்பு ஆகியவை குறைவைக் காட்டலாம். கீரையும் வாழைப்பழமும் இளநீரும் இதனை ஈடு செய்ய உதவும். ஆனால் எல்லோர்க்கும் ஒரே பத்தியம் பொருந்தாது. சிறுநீரகம் பழுதுற்றவர்களுக்கும், ஸ்பைரோனோலாக்டோன் உண்பவர்களுக்கும் பொட்டாசியம் உடலிலேயே தேங்கும். இளநீர் அவர்களுக்கு ஆகாது.

மூட்டுப் பிடிப்பும் கட்டை விரல் வீக்கமும் சிலருக்கு வரும். யூரிக் அமிலம் கூடுவதே காரணம். சர்க்கரை சற்று ஏறக்கூடும். எனினும் சர்க்கரை நோயாளிகளுக்கும் இம்மருந்தால் நன்மையே மிகுதி. ஆண்மைத் தளர்ச்சி சிலருக்கு உண்டாகலாம். வெட்கத்தால் சொல்லாமல் மாத்திரையை மட்டும் நிறுத்திவிடுவோர்க்கு ஒன்று கூறலாம்: சொன்னால் மாற்று மருந்து கிடைக்கும்.

வலி மாத்திரையைப் பற்றித் தனியே எழுத வேண்டும். நாள் முழுவதும் களை வெட்டியவர் இரவில் கடையில் கேட்டு வாங்கும் டைக்குளோஃபினாக், ஐபுபுரூஃபன் முதலியவை நீர் மாத்திரையின் பயனைக் குறைக்கும். டெல்மிசார்டான் அல்லது எனலாப்பிரில், நீர் மாத்திரை, வலி மாத்திரை ஆகிய மூன்றும் ஒரே உடலில் சேர்ந்தால், அதுவும் நீர் வற்றிய வெயில் நாளில், சிறுநீரகம் திடீரெனச் செயலிழக்கலாம். ‘நீர் மாத்திரை கிட்னியைக் கெடுத்துவிட்டது’ என்று ஊரார் கூறும் சில நேர்வுகளில், உண்மைக் குற்றவாளி இச்சேர்க்கையாக இருக்கக்கூடும். அடக்கப்படாத இரத்தக் கொதிப்பும் ஆண்டுக்கணக்கில் ஓசையின்றிச் சிறுநீரகத்தைத் தின்றுவரும்.

பஞ்சாயத்து செய்யத்தக்கவை

பெண்கள் பலர் இம்மாத்திரையை விடுவதற்குக் காரணம் மருந்தன்று. வேலை செய்யுமிடத்தில் மறைவிடம் இல்லாமையே. லாரி ஓட்டுநரின் குறையும் இதுவே. காலையில் எழுந்தவுடன் மாத்திரையை உண்டால் முதற்சில மணி நேரத்திலேயே மிகுதியான நீர் பிரிந்துவிடும். மாலையில் உண்பவர் இரவில் பலமுறை எழுந்து, இருட்டில் இடறி விழ நேரும். எனினும் பொழுது விடியுமுன் காட்டுக்குப் புறப்படும் பெண்ணுக்கு நேர மாற்றம் மட்டும் போதாது. பஞ்சாயத்தின் வேலைத் தளங்களில் கழிப்பிடமும் நிழற்பந்தலும் குடிநீரும் இருப்பின், மாத்திரையும் வீணாகாமல் இருக்கும். கோடை வேலையை விடியற்காலையிலும் மாலையிலும் பிரித்து வைக்கவும் உறுப்பினர்கள் முயலலாம். மே முதல் நாள் கிராம சபை கத்திரி வெயிலின் வாயிலிலேயே கூடுவதால், அன்று சுகாதாரச் செவிலியரை அழைத்து இவற்றை விளக்கச் செய்வது பொருத்தம்.

மாத்திரை தொடங்கிய ஒரு மாதத்துக்குள்ளும், பிறகு ஆண்டுக்கு ஒரு முறையேனும், சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின் என்னும் மூன்றையும் இரத்தத்தில் சோதிக்க வேண்டும். அருகிலுள்ள சுகாதார நிலையத்தில் வசதி இல்லையெனில் தாலுகா மருத்துவமனையில் கேட்கலாம். வேலைத் தளத்தில் எவரேனும் மயங்கி விழுந்து 108 வண்டியில் ஏற்றப்படும்போது, அவர் வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகள் அனைத்தையும், கடையில் வாங்கிய வலி மாத்திரை உட்பட, ஒரு பையிலிட்டு உடன் அனுப்புக.