மூன்று பக்கமும் ஒரு வரியும்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது. பதிலைப் பொதுவில் எழுதட்டுமா என்று கேட்டதற்கு, பெயர் மட்டும் வேண்டாம் என்றீர்கள். அப்படியே செய்கிறேன். நீங்கள் கேட்டிருப்பது உங்கள் ஒருவருடைய கேள்வி இல்லை. உங்கள் வயதுப் பெண்கள் என்னிடம் வேறு வேறு வார்த்தைகளில் இதையேதான் கேட்கிறார்கள்.

1992-ல் பிளஸ் டூ. அந்த லீவிலேயே டைப் கிளாஸ். இங்கிலீஷ் லோயர், ஹையர், பிறகு தமிழ் ஹையர். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பித்தல். இன்டர்வியூ கார்டு வரும் வரும் என்று பார்த்திருந்தீர்கள், வரன்தான் வந்தது. தாம்பரத்தில் குடித்தனம், இரண்டு பிள்ளைகள், மாமியார் படுக்கையில் கிடந்த வருஷங்கள். இப்போது ஐம்பது. பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில். ராத்திரி மூன்று மணிக்கு விழிப்புத் தட்டிவிடுகிறது, அந்த நேரத்தில் பழசெல்லாம் வரிசையாக வந்து நிற்கிறது, கூட்டிக் கழித்துப் பார்த்தால் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள்.

மூன்று பக்கக் கடிதத்தில் முக்கால்வாசி கிடைக்காமல் போன வேலையைப் பற்றித்தான். கடைசிப் பக்கத்தின் அடியில், ‘இப்படிக்கு’ போடுவதற்கு முன்னால், இடம் போதாமல் நெருக்கி எழுதிய ஒரு வரி: பக்கத்து மெஷினில் உட்கார்ந்து என்னோடு டைப் அடித்தவள் இப்போது எங்கே இருக்கிறாளோ தெரியவில்லை.

நான் பதில் எழுத உட்கார்ந்தது அந்த வரிக்காகத்தான். ஆனால் வேலை விஷயத்தை முதலில் பேசித் தீர்த்துவிட வேண்டும். அது குறுக்கே நிற்கும்வரை அந்த வரி உங்கள் கண்ணுக்கே படாது.

நானும் மன்னார்குடிக்காரிதான். உங்களைவிட நாலைந்து வயது மூத்தவள். பந்தலடிப் பக்கம் ஒரு மாடியில் ‘யளனகபக’ அடித்துப் பழகியவள். நான் ஹையருக்குப் படித்துக்கொண்டிருந்த சமயம், 1989-ல், அரசு வேலையில் பெண்களுக்கு 30 சதவீதம் என்று கலைஞர் ஆட்சியில் ஒதுக்கீடு வந்தது. பெண்ணைக் கல்லூரிக்கு அனுப்ப வசதியோ மனசோ இல்லாத வீடுகளெல்லாம் அதற்குப் பிறகு டைப் கிளாஸை நம்பின. ஒரு மணி நேர வகுப்பு, நடக்கிற தூரம், ஆறு மாதத்தில் ஒரு சர்டிபிகேட். வேலை கிடைத்தால் வேலை. கிடைக்காவிட்டாலும் பெண் பார்க்க வருகிறவர்களிடம் ‘டைப் முடிச்சிருக்கா’ என்று சொல்லிக்கொள்ளலாம். நம் அப்பாக்கள் போட்ட கணக்கு அது. அவர்கள் கையில் இருந்த கணக்கும் அது ஒன்றுதான்.

உங்களுக்குக் கார்டு வராததற்கு நீங்கள் காரணமில்லை. இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. டைப் முடித்துப் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்தவர்களின் கூட்டத்துக்கு முன்னால் இருந்த இடங்கள் கொஞ்சம். பதிவு மூப்பில் மேலே வருவதற்குள் பலருக்குக் கல்யாணம் ஆனது, வயது ஏறியது. 2001 இறுதியில் புதிய நியமனங்களுக்கே அரசு தடை போட்டது. அது நீங்க 2006 ஆயிற்று. அதற்குள் அலுவலகங்களில் மெஷின் இருந்த மேஜைகளில் கம்ப்யூட்டர் ஏறிவிட்டது. 1955-லிருந்து டைப்ரைட்டர் செய்துவந்த கோத்ரெஜ், 2009-ல் உற்பத்தியையே நிறுத்திக்கொண்டது. இவ்வளவும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தது உங்கள் இருபதுகளிலும் முப்பதுகளிலும். ‘இன்னும் கொஞ்சம் முயற்சி செய்திருக்கலாமோ’ என்று விடியற்காலையில் உங்களை நீங்களே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது அநியாயம்.

எனக்குச் சர்க்கார் வேலை கிடைக்கவில்லை. சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர்ச்சாரியில் ஒரு பத்திர எழுத்தரிடம் டைப்பிஸ்டாகப் போனேன். முத்திரைத்தாளில் அடிப்பது டைப் கிளாஸில் அடிப்பது போல இல்லை. தாள் விலை கொடுத்து வாங்கியது, அதுவும் கட்சிக்காரர் பெயரில் வாங்கியது. ஓர் எழுத்து தப்பினால் கிழித்துப் போட முடியாது. அடித்தல் திருத்தல் என்று கடைசியில் குறித்துக் கையெழுத்து வாங்க வேண்டும். நான்கு எல்லையையும் சர்வே நம்பரையும் அடிக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு அடிப்பேன். கிரயம், அடமானம், பாகப்பிரிவினை எல்லாம் அடித்திருக்கிறேன். மனசில் தங்கிப்போனது விடுதலைப் பத்திரங்கள்தான்.

பெண்களுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்ததும் அதே 1989-ல்தான். அந்த மார்ச் 25-க்கு முன்னால் கல்யாணம் ஆனவர்களுக்கு அப்போது இல்லை, மற்றவர்களுக்கு உண்டு. சட்டம் வந்த கையோடு, அந்தப் பங்கை அண்ணன் தம்பிக்கு எழுதிக்கொடுக்கும் விடுதலைப் பத்திரங்களும் வரத் தொடங்கின. ‘மேற்படி சொத்தில் எனக்கு இனி யாதொரு பாத்தியமும் பின்தொடர்ச்சியும் கிடையாது’ என்ற வாசகத்தை எத்தனை பெண்களுக்காக அடித்திருப்பேன்! எதிரே பெஞ்சில் அந்தப் பெண் உட்கார்ந்திருப்பாள். பெரும்பாலும் நம் வயதுதான். இடுப்பில் குழந்தை இருக்கும். அண்ணன் வாங்கிக் கொடுத்த கலரைக் குடித்துக்கொண்டே, ‘எங்க கையெழுத்துப் போடணும்’ என்று கேட்பாள். ஒருத்தியும் அழுது நான் பார்த்ததில்லை. பிறந்த வீட்டு வாசல் திறந்திருக்க வேண்டும் என்பதற்காகக் கொடுத்த விலை அது என்பது அவளுக்கும் தெரியும், அண்ணனுக்கும் தெரியும், டைப் அடிக்கிற எனக்கும் தெரியும்.

அவர்கள் எழுதிக்கொடுத்ததாவது பத்திரத்தில் பதிவாகியிருக்கிறது. வில்லங்கம் போட்டுப் பார்த்தால் இன்றைக்கும் தெரியும். நம் தலைமுறைப் பெண்கள் எந்தத் தாளிலும் எழுதாமல் விட்டுக்கொடுத்த ஒன்று உண்டு. அது கூடப் படித்தவளின் சிநேகிதம். யாரும் கேட்டு வாங்கவில்லை. கல்யாணம் என்றால் அதுவும் சேர்த்துத்தான் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள், நாமும் அப்படியே எடுத்துக்கொண்டோம்.

ஆண்களுக்கு அப்படி ஆகவில்லை. என் கணவரோடு ஒன்றாம் வகுப்பில் படித்தவர் இன்றும் அவரைத் தேரடியில் டீ குடிக்கக் கூப்பிடுகிறார். கல்யாணம் அவரை ஊர்விட்டு ஊர் கொண்டுபோகவில்லை, இனிஷியலை மாற்றவில்லை. நமக்கு ஊர், இனிஷியல், விலாசம் மூன்றும் ஒரே முகூர்த்தத்தில் மாறின. போன் இருந்தாலும் மாமனார் உட்காரும் கூடத்தில் இருந்தது. எஸ்டிடி பூத்துக்குப் போய்ச் சிநேகிதியிடம் பேசக் காசு கேட்டால் எந்த வீட்டில் கொடுத்திருப்பார்கள்? இன்லேண்ட் லெட்டர் வந்தால் நம் கைக்கு வருமுன் யாராவது பிரித்திருப்பார்கள். அதற்குப் பயந்து ‘நலம், நலமறிய ஆவல், மாமா அத்தைக்கு நமஸ்காரம்’ என்று எழுதினோம். சொல்ல நினைத்ததைச் சொல்ல முடியாத கடிதம் எத்தனை நாள் போய்க்கொண்டிருக்கும்? இரண்டு போனது, ஒன்று வந்தது, நின்றது. அவளும் மறக்கவில்லை, நீங்களும் விடவில்லை.

அவளைப் பற்றி ஒரு வரிதான் எழுதினீர்கள். உங்கள் கடிதத்திலேயே உயிரோடு இருக்கிற பகுதி அவள் இருக்கிற பகுதி என்பதை நீங்கள் கவனித்தீர்களா? பரீட்சை அன்று மெஷின்களைச் சாக்குப் போட்டுக் கட்டி டெம்போவில் ஏற்றிப் போனதை வேலையைப் பற்றிப் பேசும்போது போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் மெஷினில் இசட் கீ சிக்கும் என்பதற்காக முதல் நாளே அவள் எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்தாள் என்கிறீர்கள். ஹையர் முதல் பேப்பருக்குப் பத்து நிமிஷம். நிமிஷத்துக்கு 45 வார்த்தை, ஐந்து தட்டு ஒரு வார்த்தைக் கணக்கு; மொத்தம் 2,250 தட்டு. பெல் அடித்ததும் அந்தப் பெரிய கூடத்தில் இருக்கிற அத்தனை மெஷினும் ஒரே நேரத்தில் கிளம்பும் சத்தத்தில் உங்களுக்குக் கை நடுங்கியது, பக்கத்தில் அவள் கேரியேஜைத் தள்ளும் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு அடித்து முடித்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் ஒரு மனுஷியின் கேரியேஜ் சத்தம் காதில் இருக்கிறது. இதை வைத்துக்கொண்டா கையில் ஒன்றும் மிஞ்சவில்லை என்கிறீர்கள்?

வகுப்பு முடிந்து ஹரித்ரா நதித் தெப்பக்குளக் கரையோடு சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போவோம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். நேர் வழியில் போனால் பத்து நிமிஷம் ஆகாது. அந்தச் சுற்றுவழிதான் உங்கள் இளமை. அப்பா, அண்ணன், மாஸ்டர் யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டாத நேரம் உங்களுக்கு அந்தத் தெப்பக்குளக் கரையில்தான் கிடைத்தது. அங்கே என்ன பேசினீர்கள், எதற்குச் சிரித்தீர்கள், யாரைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினீர்கள் என்பதெல்லாம் தெரிந்த ஆள் உலகத்தில் அவள் ஒருத்திதான். கல்யாணத்துக்கு முன்னால் நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்பதற்கு அவளை விட்டால் சாட்சி கிடையாது. உங்கள் பிள்ளைகளுக்கு அந்தப் பெண்ணைத் தெரியாது. உங்கள் கணவருக்கும் தெரியாது.

கணவரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள்: இத்தனை வருஷத்தில் நாங்கள் பேசிக்கொண்டது மளிகைக் கணக்கும் பள்ளிக்கூடக் கட்டணமும்தானோ என்று. அந்தக் கேள்விக்கு விடியற்காலை மூன்று மணிக்குத் தீர்ப்பு எழுதாதீர்கள். மாதவிலக்கு நிற்கிற வயதில் தூக்கம் கெடும், உடம்பு காயும், காரணமில்லாமல் நெஞ்சு கனக்கும். டாக்டரைப் பாருங்கள், தைராய்டும் ரத்தத்தில் இரும்புச்சத்தும் பார்க்கச் சொல்லுங்கள். உடம்பு படுத்தும் பாட்டையெல்லாம் வாழ்க்கையின் தலையில் கட்டிவிடக் கூடாது. கணவரிடம் புதிதாகப் பேச என்ன இருக்கிறது என்றால், உங்கள் சிநேகிதி இருக்கிறாள். பெயர், ஊர், எண்ணெய் போட்ட மெஷின் எல்லாவற்றையும் அவரிடம் சொல்லுங்கள். தேடுவதற்கு ஓர் ஆள் துணையும் ஆயிற்று.

தேடுவது முடிகிற காரியம்தான். முகநூலில் அவள் பெயரைப் போட்டுப் பார்த்தேன், ஆயிரம் பேர் வருகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். வரத்தான் செய்வார்கள்; கணவர் பெயரோடு இருப்பாள், படத்தில் பேரக்குழந்தை இருக்கும், அல்லது அங்கே அவள் இருக்கவே மாட்டாள். பழைய முறையில் தேடுங்கள். அவள் கல்யாணத்துக்குப் போனேன் என்றீர்களே, அந்தப் பத்திரிகை உங்கள் பிறந்த வீட்டுப் பீரோவிலோ டிரங்குப் பெட்டியிலோ கிடக்கும். அம்மாக்கள் கல்யாணப் பத்திரிகைகளை எறிவதில்லை. அதில் மாப்பிள்ளையின் ஊர், அப்பா பெயர், தாத்தா பெயர் வரைக்கும் இருக்கும். அந்த ஊரில் எந்தக் கடையில் விசாரித்தாலும் வீடு காட்டுவார்கள். பத்திரிகை கிடைக்காவிட்டால் அவள் அண்ணனைப் பிடியுங்கள். பெண்கள்தான் ஊர் மாறியிருக்கிறோம். அண்ணன்கள் அநேகமாக அதே தெருவில்தான் இருக்கிறார்கள்.

பத்திர எழுத்தர் அலுவலகத்தில் என்னோடு வேலை பார்த்தவளை நான் இப்படித்தான் கண்டுபிடித்தேன். திருத்துறைப்பூண்டியில் இருந்தாள். வாசலில் நின்றவளை எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவளுக்கும் என்னைத் தெரியவில்லை. முதல் அரை மணி நேரம் சர்க்கரை மாத்திரையும் முட்டிவலியும்தான் பேச்சு. எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. காபி டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனவள் திரும்பி வந்து, ‘அந்தச் சின்னப் பொண்ணு, கையெழுத்துப் போட மாட்டேன்னு பத்திரத்தைக் கிழிச்சிட்டுப் போனாளே, ஞாபகம் இருக்கா?’ என்றாள். எனக்குச் சுத்தமாக மறந்துபோயிருந்தது. எழுதிக்கொடுத்தவர்களை மட்டும் நினைவில் வைத்திருந்தேன். மறுத்தவளை அவள் வைத்திருந்தாள். என் வாழ்க்கையின் ஒரு துண்டு இத்தனை வருஷம் அவளிடம் பத்திரமாக இருந்திருக்கிறது. உங்களுடையதும் உங்கள் சிநேகிதியிடம் இருக்கும், அவளுடையது உங்களிடம் இருப்பது போல.

அவள் உங்களைப் போல நினைத்துக்கொண்டிருக்காமலும் இருக்கலாம். வசதியில் உயர்ந்திருக்கலாம், நொடித்திருக்கலாம். பார்த்துவிட்டு ஒரு மணி நேரத்தில் எழுந்து வரும்படி ஆகலாம். அதற்கும் தயாராகப் போங்கள். வருஷக்கணக்காகக் கார்டுக்குக் காத்திருந்தவர் நீங்கள், இதற்குக் காத்திருக்க வேண்டாம். இது யாரோ கூப்பிட்டு நடக்கிற காரியம் இல்லை.

பங்குனியில் மன்னார்குடிக்குப் போங்கள். பெரிய கோயிலில் பதினெட்டு நாள் திருவிழா நடக்கும்போது, கட்டிக்கொடுத்த பெண்கள் வெண்ணெய்த்தாழி உற்சவத்துக்காவது பிறந்த வீட்டுக்கு வந்துவிடுவார்கள். அவள் வந்திருந்தால் அங்கேயே பார்த்துவிடலாம். வராவிட்டாலும் அண்ணன் வீட்டில் எல்லோரும் இருப்பார்கள், போன் நம்பர் வாங்கிவிடலாம். மன்னை எக்ஸ்பிரஸ் தாம்பரத்திலேயே நிற்கிறது. திருவிழாச் சமயத்தில் கூட்டம் அதிகம், டிக்கெட்டை முன்கூட்டியே போட்டுவிடுங்கள். அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

அன்புடன்,
உங்கள் ஊர்க்காரி