புரட்டாசி ஆலோசனை: மாடித் தோட்டப் பையில் போன பட்டத்து மணிச்சத்து மிச்சமிருக்கிறது

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு மாடித் தோட்டக்காரர்களுக்கு

ஆடியில் விதைத்த வெண்டையும் கொத்தவரையும் ஓய்ந்துவிட்டன. ஐப்பசி மழைக்கு முன் பைகளைக் கொத்திச் சீர்செய்யும் நேரம் இது. வழக்கம்போல் பைக்கு ஒரு பிடி டிஏபி போட வேண்டாம்.

தழைச்சத்து தண்ணீரோடு போய்விடும். மணிச்சத்து மண்ணைப் பிடித்துக்கொள்ளும். போட்டதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைத்தான் முதல் பயிர் எடுக்கிறது. மீதி சுண்ணாம்போடும் இரும்போடும் சேர்ந்து தங்கி, பின்னால் வரும் பயிர்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைக்கும். காவிரி டெல்டாவில் நெல் தரிசு உளுந்து அடியுரம் இல்லாமலே வளர்வது இந்த மிச்சத்தை நம்பித்தான். மேலுக்கு 2 சதவீத டிஏபி கரைசல் தெளிப்பார்கள், அவ்வளவே.

டிஏபியில் தழைச்சத்து 18 சதவீதம், மணிச்சத்து 46 சதவீதம். செடி பச்சை பிடிக்கட்டும் என்று போடும் ஒவ்வொரு பிடியிலும் மணிச்சத்தே அதிகம் சேர்கிறது.

இப்போது செய்ய வேண்டியவை:

1. செம்மண் கலந்த பை: ஆடியில் டிஏபி, சூப்பர் பாஸ்பேட், எலும்புத்தூள் எதைப் போட்டிருந்தாலும் இந்தப் பட்டத்துக்கு மூன்றுமே வேண்டாம். தழைச்சத்துக்குக் கடலைப் புண்ணாக்கு ஊறவைத்த தண்ணீர் போதும்.

2. வெறும் தென்னைநார்க் கழிவுப் பை: இது மணிச்சத்தை அவ்வளவாகப் பிடித்து வைக்காது. கனமழை ஓய்ந்தபின் சிறிது சிறிதாகப் பிரித்துக் கொடுங்கள்.

3. பயிர் மாற்றம்: வெண்டை இருந்த பையில் அவரையோ தட்டைப்பயறோ விதையுங்கள். தொழுவுரத்தில் பாஸ்போபாக்டீரியா கலந்து இட்டால், கட்டுண்ட மணிச்சத்து கரைந்து வேருக்குக் கிடைக்கும்.

4. கறிவேப்பிலை: கொழுந்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புச்சத்துக் குறை. மணிச்சத்து மிகுந்தாலும், போர் தண்ணீரில் சுண்ணாம்பு மிகுந்தாலும் இப்படி ஆகும். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி கரைத்து, வெயில் தாழ்ந்ததும் தெளியுங்கள். தெளித்த இலையைச் சில நாள் பறிக்காமல் விட்டு, நன்றாகக் கழுவிச் சமையலுக்கு எடுங்கள்.

5. மழை வரும் நாளில் எந்த உரமும் வேண்டாம். மாடியில் வழியும் உரத் தண்ணீர் வடிகால் வழியாகப் பக்கிங்காம் கால்வாயிலும் அடையாற்றிலும் கலந்து பாசியை வளர்க்கும்.

தைப் பட்டத்தில் தக்காளி, கத்தரி வைக்கும்போது செடியைப் பார்த்து முடிவெடுங்கள். முற்றிய இலைகள் ஊதா பாய்ந்து, வளர்ச்சி குன்றியிருந்தால் மட்டும் சூப்பர் பாஸ்பேட்டை வழக்கமான அளவில் பாதி போடுங்கள்.