உலர்துறையில் கற்கும் பாடம்

தூத்துக்குடி

அன்புள்ள மருமகனுக்கு,

உன் கடிதம் கண்டேன். கப்பல் கட்டும் பொறியியலில் பட்டம் பெற்ற உன்னைப் புதுக் கப்பலுக்குப் படம் வரையும் கூடத்தில் அமர்த்தாமல், துருவேறிய பழங்கப்பல்கள் வந்து நிற்கும் உலர்துறைக்கு அனுப்பிவிட்டார்கள் என்று சலித்துக்கொண்டிருக்கிறாய். வருத்தம் இயல்பே. ஆயினும், இத்தொழிலில் தலை நரைத்தவன் என்ற உரிமையில் ஒன்று சொல்கிறேன்: கப்பல் கட்டும் வித்தையைக் கடலில் உழன்று திரும்பிய கப்பலே செவ்வையாகக் கற்பிக்கும்.

உப்பும் வெங்காயமும் செங்கல்லும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் ஓடிய நம் ஊர்த் தோணிகளை, காகிதத்தில் ஒரு கோடும் இழுக்காமல், கண்ணளவும் கயிற்றளவும் கொண்டே கட்டினார்கள் ஓடாவிமார். வங்கு எனப்படும் விலாக்கட்டைகளுக்கு இயற்கையிலேயே வளைந்த கருவேலங்கட்டையைத் தேடிப் பொறுக்கும் அவர்களுடைய சாமர்த்தியம், பெரும்பாலும் பழைய தோணியைக் கரையேற்றிப் பலகை பெயர்த்த நாட்களில் விளைந்தது. வெளியே குண்டூசி நுழையும் துளை மட்டுமே தெரியும் பலகையை வெட்டிப் பார்த்தால், உள்ளே கடற்புழு முழுவதும் குடைந்திருக்கும். இரும்பாணியைப் பிடுங்கினால் சுற்றிலும் மரம் கன்னங்கரேலென்று நைந்திருக்கும். மரத்தின் துவர்ப்பும் உப்புநீரும் இரும்பும் கூடிச் செய்த காரியம் அது. நீர் புகாதபடி கலப்பத்து அடித்த பஞ்சு எந்தச் சந்தில் தளர்ந்திருக்கிறது என்று விரலால் தடவியே, கலம் எங்கே நெளிந்தது என்பதை முதிய ஓடாவி சொல்லிவிடுவார். அடுத்த தோணியில் அவ்விடத்துக்கு ஒரு வங்கு கூடுதலாக விழும்.

இரும்புக் கப்பலுக்கும் இதே நியாயந்தான். 1943 ஜனவரி 16ஆம் நாள், அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில், சோதனை ஓட்டம் முடித்து வந்த ‘ஸ்கெனெக்டடி’ என்னும் எண்ணெய்க் கப்பல், அலையற்ற நீரில் துறையிலே நின்றபடியே பெருஞ்சத்தத்துடன் பிளந்தது. யுத்த அவசரத்தில் கட்டப்பட்ட 2,700க்கும் மேற்பட்ட லிபர்ட்டி கப்பல்களிலும் பல விரிசல் கண்டன. பழி முழுவதும் பற்றவைப்பின்மீது விழுந்த வேளையில், கேம்பிரிட்ஜில் கான்ஸ்டன்ஸ் டிப்பர் என்ற பெண்மணி ஆராய்ந்து, குளிரில் அந்த உருக்கே நொறுங்கும் தன்மை எய்துகிறது என்று நிறுவினார். சரக்கறை வாயின் சதுர மூலையில் பிறந்த விரிசல், பற்றவைத்து ஒன்றாகிப்போன தகடுகளின் வழியே தடையின்றி ஓடியதும் புலப்பட்டது. அதன்பின் மூலைகள் வளைக்கப்பட்டன. உருக்கின் தரத்துக்கும் புது விதிகள் பிறந்தன. இன்று உன் பாடநூலில் ஒரு வரியாக நிற்கும் அந்த விதிக்கு எத்தனை மாலுமிகள் உயிர் கொடுத்தார்கள் என்பதை மறவாதே.

ஆகையால், தகட்டின் கனம் அளக்கும் கருவி காட்டும் எண்ணைக் குறித்துக்கொண்டு திரும்பிவிடாமல், அது அங்கே தேய்ந்ததற்குக் காரணம் என்னவென்று ஆராய். பாலஸ்ட் தொட்டிக்குள் நீயே தவழ்ந்து இறங்கு; ஆனால் காற்றைச் சோதித்து அனுமதி தந்த பிறகே இறங்கு, ஏனெனில் மூடிய தொட்டியின் பிராணவாயுவைத் துரு தின்றுவிடும். உள்ளே வர்ணம் பூசுபவனின் தூரிகை எட்டாத மூலைகளில்தான் துரு முதலில் குடியேறியிருக்கும். அந்த மூலையை அமைத்தவர், குளிர்ந்த அறையில் அமர்ந்து படம் வரைந்த உன் போன்ற பட்டதாரி என்பதையும் அங்கேயே நினைத்துக்கொள். பற்றவைப்பவரிடம் கை நுழையாத இடம் எது என்றும், கப்பலின் செராங்கிடம் புயலில் எந்தப் பக்கம் முனகியது என்றும் பணிவோடு கேள். பட்டத்தைக் காட்டிக் கேட்டால் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள்.

ஓரிரு வருஷங்களில் படம் வரையும் கூடத்திலிருந்து அழைப்பு வந்தால் தாராளமாகப் போ. ஆனால் அங்கே நீ வரையும் ஒவ்வொரு தொட்டிக்குள்ளும் ஒரு மனிதன் தூரிகையோடு நுழைந்து திரும்ப முடியுமா என்று பார்த்த பிறகே கையெழுத்திடு.

இப்படிக்கு,
உன் நலம் நாடும் மாமன்