உபரி வெப்பம் உண்மையா?

கேள்வி: குளிர் அணுக்கரு இணைவு வெறும் மோசடிதானா?

பதில்: மோசடி என்று நான் சொல்லமாட்டேன். 1989 மார்ச் 23 அன்று, அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் வேதியியலாளர்கள் ஃபிளைஷ்மனும் பான்ஸும் அதை அறிவித்தார்கள். கனநீரில் பல்லேடியம் மின்முனையை வைத்து மின்சாரம் பாய்ச்சினால், செலுத்திய ஆற்றலைவிட அதிக வெப்பம் வருகிறது, அதற்குக் காரணம் அணுக்கரு இணைவு என்றார்கள். அது வழக்கமான இணைவாக இருந்திருந்தால், கிளம்பும் நியூட்ரான்களே பக்கத்தில் நின்றவர்களைக் கொன்றிருக்கும்! கால்டெக், ஹார்வெல் ஆய்வகங்கள் செய்து பார்த்தும் உபரி வெப்பம் கிடைக்கவில்லை. கலனில் நீர் சரியாகக் கலக்காவிட்டால், வெப்பமானி வைத்த இடத்துக்கேற்பக் கணக்கு மாறும் என்று கால்டெக்கின் நேதன் லூயிஸ் சுட்டிக்காட்டினார்.

அந்தச் சோதனைகளில், கனநீரிலுள்ள டியூட்டீரியம் பல்லேடியத்துக்குள் போதுமான அளவு ஏறவில்லை என்பது ஆதரவாளர்களின் பதில். சோதித்துப் பார்க்க வேண்டிய வாதம்தான். கூகுள் நிதியுதவியில் அதைச் சோதித்த குழு, சான்று கிடைக்கவில்லை என்று 2019-ல் ‘நேச்சர்’ இதழில் எழுதியது. ஆனால் அவ்வளவு டியூட்டீரியத்தை ஏற்றுவதே பெரும்பாடு என்றும் ஒப்புக்கொண்டது. ஆராய்ச்சி தொடரட்டும், கேட்டபோதெல்லாம் எந்த ஆய்வகத்திலும் அந்த வெப்பம் வரும்வரை நான் நம்பமாட்டேன்.